முகநூல் துறவு: முறையாகக் கிளம்புவது எப்படி?

சமூக ஊடகத்தை விட்டு விலகுகிறவர்கள் பலர் செய்கிற பெரிய பிழை, சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடுவது. அப்படிப் போனவர்களை ஒருவரும் தேடுவதில்லை. இரண்டு மாதம் கழித்து ஏதாவது கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "என்ன சார், ஆளையே காணோம், ஊர்ல இல்லையா?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ரசம் வந்துவிடும். ஒரு துறவுக்கு இந்த மரியாதை போதாது. ஆகவே அறிவித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அறிவிப்புக்கு நேரம் முக்கியம். காலை ஒன்பது மணிக்குப் போட்டால், பஸ்ஸில் தொங்குகிறவர்கள் ஒரு லைக்கைத் தட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். இரவு எட்டரைக்கு மேல், சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருக்கும் வேளை உத்தமம். நாளும் பார்க்க வேண்டும். பிறந்தநாளுக்கு முந்தின வாரம் கிளம்பினால் வாழ்த்துகள் வீணாகும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது, அதுவும் உங்கள் கவிதைத் தொகுப்பு ஏதோ ஒரு ஸ்டாலில் அட்டை தெரியாமல் கிடக்கும்போது, துறவு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தேர்தல் முடிவு வரும் வாரத்தில் மன உறுதி யாருக்கும் இருக்காது. எல்லாவற்றிலும் சிறந்த முகூர்த்தம், ஏதாவது ஒரு விவாதத்தில் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்ட நான்காம் நாள். மறுநாளே கிளம்பினால் ஓடிவிட்டான் என்பார்கள். நாலு நாள் பொறுத்துவிட்டால் அதே காரியத்துக்கு மன அமைதி என்று பெயர்.

காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். "சில தனிப்பட்ட காரணங்களால்" என்பதோடு நிறுத்திக்கொண்டு மூன்று புள்ளி வையுங்கள். அந்த மூன்று புள்ளிக்குள் சர்க்கரை, விவாகரத்து, வேலை போனது என்று அவரவர் வசதிக்கு எதையாவது நிரப்பிக்கொள்வார்கள். "சீக்கிரம் வாங்கண்ணே", "நீங்கள் இல்லாத டைம்லைன் வெறிச்சோடிவிடும் தோழர்", "இன்பாக்ஸ் பாருங்கள்" என்றெல்லாம் கீழே வரிசை கட்டும். "நல்ல முடிவு" என்று மட்டும் எழுதியிருப்பவரின் பெயரைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. வந்த ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் ஹார்ட்டின் போட்டு நன்றி சொல்வது பண்பாடு. அது முடிய இரண்டு நாள் ஆகும். அதுவரை கிளம்ப முடியாதுதான், என்ன செய்வது?

அடுத்து கணக்கு. ஃபேஸ்புக்கில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அடியோடு அழிப்பது. அழித்தாலும் 30 நாள் தவணை தருகிறார்கள், அதற்குள் மனம் மாறினால் எல்லாம் பழையபடி கிடைக்கும். இரண்டாவது, தற்காலிகமாக முடக்கிவைப்பது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்த நிமிடமே கணக்கு உயிர்பெற்றுவிடும். மெசஞ்சரை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. காசிக்குப் போகிறவர் ரிட்டர்ன் டிக்கெட்டை மடியில் முடிந்துகொண்டு போவது போல, இரண்டாம் வழியே இல்லறத்தாருக்கு ஏற்றது. ஒரு காலத்தில், முடக்கப் போகும்போது உங்கள் நண்பர்கள் சிலரின் படத்தைக் காட்டி, இவர் உங்களைத் தேடுவாரே என்று ஃபேஸ்புக் உருகும். அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

விட முடியவில்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு அடி என்று ஒன்று இருந்தது. அங்கே போய் 'அடுத்த பக்கம்' என்பதைத் தட்ட வேண்டும், தட்டுவதற்குள் அடுப்பில் பால் நினைவுக்கு வரும். 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தள்ளத் தள்ளத் தானாக வந்துகொண்டே இருக்கும் முறையை உண்டாக்கினார். பக்கத்துக்கு அடியே இல்லாமல் போயிற்று. 2009இல் லைக் பொத்தானும் வந்தது, கேட்கவே வேண்டாம். ராஸ்கின் பிற்பாடு தான் செய்த வேலைக்காக வருத்தப்பட்டுப் பேட்டி கொடுத்தார். அந்தப் பேட்டியையும் நாம் தள்ளித் தள்ளித்தான் படித்தோம்.

போனைக் குறைக்கப் போனிலேயே வசதி இருக்கிறது. 2018இல் ஆப்பிள், கூகுள் இரண்டு கம்பெனிகளுமே இதைக் கொண்டுவந்துவிட்டன. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் என்று நீங்களே வரம்பு வைக்கலாம். வரம்பு முடிந்ததும் ஐபோன் உங்களைத் தடுத்து நிறுத்தும். நிறுத்திவிட்டு, இன்னும் 15 நிமிடம் வேண்டுமா, இன்றைக்கு மட்டும் வரம்பைக் கண்டுகொள்ளாமல் விடட்டுமா என்று தணிவாகக் கேட்கும். இத்தனை அன்பாகக் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்?

விலகிய பின் மிஞ்சும் நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? யோகாவுக்கு வருவோம். முதல் தேவை மேட். வீட்டில் பவானி ஜமுக்காளம் இருக்கிறதே என்று ஆரம்பிக்காதீர்கள், போட்டோவில் அது கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வாங்கி, ரப்பர் வாடை போக மொட்டை மாடிக் கொடியில் ஒரு நாள் காயப்போடுங்கள். தனிமையில் செய்கிற காரியத்துக்குப் போட்டோ எதற்கு என்று யாராவது கேட்டால், வரலாற்றை எடுத்துச் சொல்லலாம். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 177 நாடுகள் முன்மொழிந்து ஜூன் 21ஐ யோகா தினம் ஆக்கினார்கள். மனதை உள்முகமாகத் திருப்பும் அந்தக் கலையை 2015இல் டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாக உட்கார்ந்து செய்து கின்னஸில் இடம் பிடித்தார்கள். அதற்கும் முன்னால், மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1989இல் நூறு வயதில் மறைந்தவர், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆசனங்களைச் செய்து காட்டியிருக்கிறார். அவரும் அவருடைய மைத்துனரும் மாணவருமான பி.கே.எஸ். ஐயங்காரும் ஆசனம் செய்வதை 1938இல் எடுத்த கறுப்பு வெள்ளை மௌனப் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. ஆகவே பிறர் பார்க்கச் செய்வதில் தப்பே இல்லை. ஒரே வித்தியாசம், அவர்களுக்கு உடம்பு வளைந்தது. நமக்குக் கேமராக்காரர்தான் வளைய வேண்டும்.

கேமராக்காரர் உங்கள் மகன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவனை எழுப்புவதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான ஆசனம். மாடியில் சூரியனுக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்கும் நடுவே ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். பின்னால் மேல்வீட்டு மாமி காயவைத்த வடாம் தெரியக்கூடாது. முழங்கால் பத்மாசனத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் சம்மணம் போதும், ஒரு துண்டை மேலே போட்டு மறைத்துக்கொள்ளலாம். "அப்பா, வயித்தை எக்கிக்கோங்க" என்பான். எக்கினால், "இப்ப மூஞ்சி டென்ஷனா இருக்கு" என்பான். இரண்டையும் ஒருசேரச் சமாளிப்பதற்கு ஆன்ம பலம் வேண்டும். சவாசனம் எல்லா வகையிலும் சௌகரியமான ஆசனம்தான், ஆனால் அதைப் போட்டோ எடுத்துப் போட வேண்டாம். தலைப்பைப் படிக்காமல் ஆர்ஐபி போட்டுவிடுவார்கள்.

ஊடகத்தையே விட்டாயிற்றே, போட்டோவை எங்கே போடுவது? வாட்ஸாப் ஸ்டேட்டஸில். வாட்ஸாப் சமூக ஊடகத்தில் சேராது. யூடியூபும் சேராது, அது கல்வி. இன்ஸ்டாகிராமை மகள் போனில் பார்த்தால் சேராது. குடும்ப குரூப்பை விட்டு மட்டும் வெளியேறிவிடாதீர்கள். "இன்னார் வெளியேறினார்" என்று இப்போது அட்மினுக்கு மட்டும் தெரியும் ஒற்றை வரிகூட, பாகப்பிரிவினை வரை போகக்கூடியது. பெரியப்பா அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங்கைத் திறக்காமல் விட்டால் போதும். 2018இலேயே, ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பெரியப்பா அன்றிலிருந்து ஐந்தைந்தாக அனுப்புகிறார். விடாமுயற்சியில் யோகிகள் அவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சியைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். திருமூலர் கணக்கில் இழுப்பது 16 மாத்திரை, அடக்குவது 64, விடுவது 32. குரு இல்லாமல் இதில் இறங்குவது ஆபத்து. போனை வைப்ரேட்டில் வைத்துக்கொண்டு இறங்குவது அதைவிட ஆபத்து. அறுபத்து நாலுக்குள் அது எப்படியும் ஒருமுறை அதிரும்.

நிகழ்கணத்தில் இருக்கும் கலைக்கு உலர்ந்த திராட்சை ஒன்று போதும். 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட் ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் இது பிரபலம். திராட்சையை உள்ளங்கையில் வைத்து முதல்முறை பார்ப்பவர் மாதிரி பார்க்க வேண்டும், சுருக்கங்களைத் தடவ வேண்டும், முகர வேண்டும், நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருக்க வேண்டும். தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக ஏற்பட்ட பயிற்சி இது, அதில் கேலிக்கு இடமில்லை. நம் வீட்டில் செய்யும்போதுதான் சிக்கல். திராட்சை சமையல்கட்டில் முந்திரி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு அதன் சுருக்கங்களில் கரைந்திருக்கும்போது குக்கர் நாலாவது விசில் அடிக்கும். மனைவி ஒரு கையால் குக்கரை இறக்கி, மறு கையால் போனில் அபார்ட்மெண்ட் குரூப்பைப் பார்த்தபடியே, "அதைச் சாப்பிடப் போறீங்களா, இல்ல பாயசத்துல போட்டுடவா?" என்பார். பதில் சொல்லாதீர்கள். எழுகிற எண்ணத்தை எடை போடாமல் கவனிக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

இன்னும் தீவிரமாக இறங்க விரும்புகிறவர்கள் பத்து நாள் விபாசனா தியானப் பயிற்சிக்குப் பதிவு செய்யலாம். பர்மாவிலிருந்து வந்து கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய முறை. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலேயே மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள், பேச்சு கிடையாது, எழுதவும் கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்பது அவரவர் பாடு. உண்மையிலேயே மாறி வந்தவர்கள் உண்டு, அவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்கானதும் அல்ல. மற்றவர்கள் மௌனம் கலைந்த மறுநாளே 'பத்து நாள் மௌனம்: பாகம் 1' என்று தொடங்கலாம். ஒன்பது பாகம் வரை போகும்.

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. உங்களுக்குப் பதிலாக வீட்டில் வேறு ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லாரித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, மோட்டார் ரிப்பேருக்கு வீட்டுக்கு எவ்வளவு, சின்னவனுக்கு நாளைக்கு எந்த யூனிஃபார்ம், உங்கள் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட், கேஸ் சிலிண்டரின் ஓ.டி.பி., வேலைக்கார அம்மா வராததற்கு அனுப்பிய வாய்ஸ் நோட், எல்லாம் அந்தப் போனில்தான் வந்து இறங்கும். அதற்கு வரம்பு வைக்கும் வசதியை எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் துறவைக் கட்டிக்காப்பதே அந்தப் போன்தான். அந்தப் போனிலேயே ஃபேஸ்புக்கும் இருக்கிறது என்பது கூடுதல் வசதி. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது, "சும்மா ஒரு தடவை பாரேன், என்னைப் பத்தி யாராவது ஏதாவது கேட்டிருக்காங்களா?" என்று வாங்கிப் பார்க்கலாம்.

யாரும் கேட்டிருக்காவிட்டால் பதற்றப்படாமல் திரும்பி வரும் வேலையைப் பாருங்கள். "மௌனம் எனக்குக் கற்றுத்தந்த ஏழு பாடங்கள்" என்பது பழகிய வழி. எட்டு என்றால் படிக்க மாட்டார்கள். போனதையே ஒருவரும் கவனிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், "கணக்கு ஹேக் ஆகிவிட்டது நண்பர்களே, இப்போதுதான் மீட்டேன்" என்று போடுங்கள். இதற்குப் பின்னூட்டம் அதிகம். "நல்ல முடிவு" என்று எழுதியவரை அன்றே பிளாக் செய்துவிடலாம்.

ஒரே ஓர் இடையூறுதான் வரக்கூடும். நீங்கள் ஏழாவது பாடத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி வந்து, "நானும் ஒரு வாரம் போனை எடுத்து உள்ள வெச்சுடலாம்னு இருக்கேன்" என்று சொல்லலாம். நியாயமான ஆசை. எதிர்க்க முடியாது, நீங்களே மன அமைதியைப் பற்றி நாலு ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறீர்கள். அவர் அறிவிப்பெல்லாம் செய்யமாட்டார். உங்கள் எண்ணை அபார்ட்மெண்ட் குரூப்பிலும் 6-பி பெற்றோர் குரூப்பிலும் சேர்த்துவிட்டு, தன் போனைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் செய்தி வரும்: நாளைக்கு அறிவியல் புராஜெக்ட், எல்லாக் குழந்தைகளும் தெர்மாகோல் ஷீட் இரண்டும் சார்ட் பேப்பர் ஒன்றும் கொண்டுவர வேண்டும். தெருமுனை ஸ்டேஷனரி கடையை ஒன்பதரைக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். செருப்பைப் போடுங்கள்.