27.8 டிகிரி

எங்கள் வீட்டுக் கணினிக்கு வயது ஒன்பது. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். அதன் உள்ளே எவ்வளவு சூடு, நினைவகத்தில் எவ்வளவு காலி, நொடிக்கு எத்தனை கேபி வருகிறது, போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் தெரிந்துகொள்ளவில்லையே என்று அதுவும் ஏங்கியதாகத் தெரியவில்லை. இப்படிச் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் காங்கி வந்து சேர்ந்தது.

காங்கி என்பது லினக்ஸில் ஓடும் ஒரு சின்ன மென்பொருள். கணினியின் உள்விவகாரங்களை எல்லாம் திரை ஓரத்தில், வால்பேப்பர் மேலேயே பேனாவால் எழுதியதுபோலக் காட்டிக்கொண்டிருக்கும். டோர்ஸ்மோ என்ற பழைய நிரலிலிருந்து 2005 வாக்கில் கிளை பிரிந்தது. கனடாவின் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வரும் பொம்மையின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசித் தகவலை முன்பே படித்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பேன்.

கூட வேலை பார்க்கும் ஒருவரின் திரையில்தான் முதலில் பார்த்தேன். அரைவட்டங்கள், முள்கள், ஏறி இறங்கும் பச்சைக் கோடுகள். ராக்கெட் விடும் இடம் மாதிரி இருந்தது. அவர் அதில் செய்துகொண்டிருந்தது என்னவோ பயணப்படி பில். இருந்தாலும் அந்தப் பில்லுக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டிருந்தது.

காங்கிக்கு மெனு, பட்டன் எதுவும் கிடையாது. எதைக் காட்டுவது, எந்த மூலையில், என்ன நிறத்தில் என்பதையெல்லாம் ஓர் உரைக்கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். காட்டக்கூடிய சமாச்சாரங்கள் முந்நூறுக்கு மேல். அத்தனையையும் உட்கார்ந்து எழுதும் பொறுமை உலகத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். யாரோ எழுதியதை நகலெடுத்தேன். அது 2015-க்கு முந்தைய கோப்பு. அந்த ஆண்டு வந்த 1.10 பதிப்பில் எழுதும் முறையையே லுவா மொழிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கோப்பைக் கொடுத்தால் காங்கி புரியாமல் விழித்தது. பழசைப் புதுசாக்க அவர்களே ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதில் போட்டு எடுத்ததும் திரையின் வலது மூலையில் எழுத்துகள் பளிச்சென்று வந்து உட்கார்ந்தன.

"என்னங்க இது, மளிகை லிஸ்ட் மாதிரி?" என்றாள் மனைவி.

நிதானமாகப் படித்துப் பார்த்தபோதுதான் அது வேறு யாருடைய வீட்டு லிஸ்ட்டோ என்று தெரிந்தது. இணையவேகம் சைபர். ஏனென்றால் கோப்பு எழுதியவரின் நெட்வொர்க் கார்டு பெயர் ஒன்று, என்னுடையதன் பெயர் வேறு. என் கணினியில் இல்லாத ஒரு கார்டை அது பக்தியோடு விசாரித்துக்கொண்டிருந்தது. வெளி வெப்பநிலை 6 டிகிரி. திருச்சியில், சித்திரை மாதத்தில். விமான நிலையங்கள் விமானிகளுக்காக வெளியிடும் வானிலைக் குறிப்பிலிருந்து வந்த எண் அது. ஆனால் கோப்பில் இருந்தது ஹெல்சிங்கி விமான நிலையத்தின் குறியீடு. கார்டின் பெயரை உடனே திருத்தினேன். அந்த 6 டிகிரியில் கைவைக்க மட்டும் மனசே வரவில்லை. ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தேன். பார்க்கும்போதெல்லாம் இதமாக இருந்தது.

அடுத்து நினைவகம். 8 ஜிபியில் காலி 190 எம்பி என்றது காங்கி. பதறிப்போய் ஒவ்வொரு ஜன்னலாக மூடினேன். அப்படியும் அரை மணியில் பழையபடி. பிறகுதான் விஷயம் புரிந்தது. சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் சும்மா விடாது. படித்த கோப்புகளை எல்லாம், திரும்பக் கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுக்க, அதில் அடுக்கி வைத்துக்கொள்ளும். எங்கள் அம்மாவின் பரணும் இதே கொள்கைதான். பார்த்தால் பரண் முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டில். நாலு பேர் விருந்தாளி வந்து பெட்டி வைக்க இடம் வேண்டும் என்றால், ஐந்தே நிமிடத்தில் பாட்டில்கள் மாயமாகிவிடும். எங்கே போகும் என்று மட்டும் கேட்கக்கூடாது.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டும், ஆங்கிலம் எதற்கு என்று எனக்குத் தமிழுணர்ச்சி பொங்கிவிட்டது. 'வெப்பம்' என்று எழுதிச் சேமித்தேன். திரையில் முதலில் வகரம் வந்தது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, முகூர்த்தம் முடிந்து மண்டபத்துக்குள் நுழையும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, பின்னால் வந்து நின்றது.

காரணம் இதுதான். யூனிகோடில் வகரத்தை முதலிலும் கொம்பை அதற்குப் பின்னாலும்தான் சேமிக்கிறார்கள். காட்டும் நேரத்தில் கொம்பை முன்னால் இழுத்து நிறுத்துவதும், றகரத்தையும் உகரக் குறியையும் சேர்த்து 'று' என்று ஒட்டுவதும் வேறொரு நிரலின் வேலை. மற்ற மென்பொருள்கள் எல்லாம் அந்த ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்குகின்றன. காங்கி கூப்பிடுவதில்லை. பொட்டலம் வந்த வரிசையிலேயே பிரித்து அடுக்கிவிட்டுப் போய்விடுகிறது.

கிழமையையும் தமிழில் வைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் கொம்பு இடம் மாறியது. ஞாயிறுக்கும் புதனுக்கும் உகரம் கழன்று தனியாகத் தொங்கியது. திங்களுக்கும் வியாழனுக்கும் புள்ளி கொஞ்சம் விலகி, யாருக்கோ வைத்த திருஷ்டிப் பொட்டு போல நின்றது. ஏழு பேரில் ஒரு பழுதும் இல்லாமல் முழுசாக வந்து அமர்ந்தவர் சனி ஒருவர்தான். எனக்கு அப்போது ஏழரை நடக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

விடுவேனா? கொம்பும் உகரமும் புள்ளியும் இல்லாத சொற்களாகத் தேட ஆரம்பித்தேன். வெப்பம், சூடு, வேகம், நினைவகம், மின்கலம் எதுவுமே தேறவில்லை. இரண்டு நாள் தேடியதில் பனி, காசி, மாமி என்று சில கிடைத்தன. கணினிக்கு உதவுகிற மாதிரி அகப்பட்டது 'காலி' ஒன்றுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் ஆங்கிலத்துக்கே திருப்பினேன்.

பிறகு வேகத்தில் கைவைத்தேன். நொடிக்கு ஒரு முறை எண்கள் மாறுவது எனக்குப் போதவில்லை. நொடிக்குப் பத்து முறை என்று வைத்தேன். செயலியை அதிகம் தின்கிறவர் யார் என்று ஒரு பட்டியலும் காங்கி காட்டும். அதில் முதல் இடத்தில் காங்கியே வந்து நின்றது. பந்தியில் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க நிறுத்திய ஆள், இலை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி நொடிக்கு ஒன்று.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பெருமை தந்த ஒரே எண் கணினியின் சூடு. 27.8 டிகிரி. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், 27.8. நல்ல கணினி என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினேன்.

அப்பாவிடம் காட்டியிருக்கக் கூடாது.

அப்பா மின்வாரியத்தில் 33 வருடம் இருந்தவர். பெரும்பகுதி 110 கேவி துணை மின்நிலையத்தில் ஷிப்ட் ஆப்பரேட்டர். டிரான்ஸ்ஃபார்மரின் ஆயில் சூடு, வைண்டிங் சூடு, வோல்டேஜ், ஆம்பியர் எல்லாவற்றையும் மணிக்கு ஒரு முறை பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவது வேலை. டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும் குழாயில் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறினால், ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ரோஸ் கலர் புடவை கட்டினால் அவர் கண் ஒரு கணம் அங்கே நிற்கும். கணினிப் பக்கமே வராத மனிதர் அன்று காபி டம்ளரோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னடா இது?"

"காங்கிப்பா."

"காங்கிரஸா?"

விளக்கினேன். அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒருக்க ரீடிங்?"

"நொடிக்கு ஒரு தடவைப்பா."

"எங்க எழுதி வைக்கிற?"

"எழுதறது இல்லப்பா. பாக்கறதுதான்."

"எழுதாத ரீடிங் என்னடா ரீடிங்? சரி, இது ஏறிச்சுன்னா என்ன பண்ணுவ?"

அதை நான் யோசித்ததே இல்லை. "பாப்பேன்" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஆனால் மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். சாயங்காலம் ஒருமுறை. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஆரம்பித்தார்.

"காலைல 27.8. மத்தியானம் 27.8. இப்பவும் 27.8."

"நல்ல கூலிங்ப்பா."

"வெளிய எவ்வளவு போட்டிருந்துச்சு?"

ஹெல்சிங்கியை எடுத்துவிட்டுத் திருச்சி விமான நிலையத்தைப் போட்டது என் கெட்ட நேரம். "39" என்றேன்.

"வெளிய 39. ரூம்ல வெறும் ஃபேன். உள்ள மட்டும் 27.8. உள்ள என்ன, ஃப்ரிட்ஜாடா வெச்சிருக்க?" மோரை ஊற்றிக்கொண்டார். "முள்ளு அசையலன்னா மிஷின் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. மீட்டர் செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு தோண்டிப் பார்த்தேன். சில மதர்போர்டுகளில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கேட்டால் ஒரு சூட்டைச் சொல்லும். ஆனால் அதற்குப் பின்னால் உணர்கருவி என்று எதுவும் இருக்காது. கட்டியவர்கள் போட்டுவைத்த எண்ணையே, ஏசி அறையிலும் பாலைவனத்திலும், ஒப்பித்துக்கொண்டிருக்கும். மூன்று வாரமாக நான் பெருமைப்பட்டது அந்த எண்ணைப் பார்த்துத்தான். செயலியின் உண்மையான உணர்கருவி வேறு இடத்தில் இருந்தது. அதைக் காங்கியில் சேர்த்தேன். ஒரு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்த கணினி 78 டிகிரி காட்டியது.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகத்தில், பத்து வருடத்துக்குப் பிறகு ட்யூட்டிக்குக் கூப்பிட்டு அனுப்பியதுபோல ஒரு களை.

"எல்.சி. வாங்கிட்டுதான் தொறக்கணும்."

லைன் கிளியர் என்பது, கம்பியில் மின்சாரம் இல்லை, நீ ஏறலாம் என்று அதிகாரி கொடுக்கும் அனுமதி. எங்கள் வீட்டில் அந்த அதிகாரம் மனைவிக்குப் போனது. அவள் சமையலறையிலிருந்தே "குடுத்தாச்சு மாமா" என்றாள். அது செல்லாது என்று அப்பா அவளை நேரில் வரவழைத்து, பிளக்கைப் பிடுங்கியிருப்பதைக் கண்ணால் பார்க்கவைத்து, மறுபடி சொல்லச் சொன்னார். அதன் பிறகுதான் திருகாணியில் கைவைக்கவிட்டார்.

பக்கத்துத் தகடைக் கழற்றினால், செயலி மேல் உட்கார்ந்திருந்த விசிறிக்கும் அடியில் இருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே ஒன்பது வருடத் தூசி, தறியில் நெய்து எடுத்த கம்பளம் போலப் படிந்திருந்தது. அப்பா பெயிண்ட் பிரஷ்ஷால் அதை ஒரே துண்டாக உரித்து எடுத்தார். மூடி, பிளக்கைச் செருகி, போட்டோம். 49. அடுத்த நொடி 50. மறுபடி 49.

"இப்ப அசையுது பார்" என்றார் அப்பா.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் மேசையில் ஒரு நீள நோட்டு இருந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். நேரம், சூடு, வெளிச் சூடு, லோடு, குறிப்பு, கையெழுத்து. ஏழாவதாக ஒரு கட்டத்தை அவசரமாகச் சேர்த்திருந்தார். தலைப்பு: வார்த்தை.

அது என் தப்பு. எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் ஓட்டி, வரும் பதிலைத் திரையில் போடும் வசதி காங்கியில் உண்டு. ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை பாக்கி இருந்தது. எழுத எழுத எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தால் உற்சாகம் வரும் என்று, அந்தக் கோப்பில் எத்தனை சொற்கள் என்பதையும் கீழே கடைசி வரியாகச் சேர்த்திருந்தேன். அப்பா எந்த ரீடிங்கையும் விடுகிறவர் இல்லை.

மணிக்கு ஒரு முறை வந்தார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். எழுதினார். போனார். நான் எதிரே உட்கார்ந்திருந்தால் "கொஞ்சம் தள்ளு, மறைக்குது" என்றார். ராத்திரி அவர் மாத்திரை போடப் போன நேரத்தில் நோட்டைப் புரட்டினேன்.

10 மணி. 51 டிகிரி. வார்த்தை 212. நார்மல்.

11 மணி. 50. வார்த்தை 212. ஆள் இருக்கிறார். எழுத்துக்கு நிறம் மாற்றுகிறார்.

12 மணி. 63. வார்த்தை 212. கிரிக்கெட்.

14 மணி. 47. வார்த்தை 212. ஆள் இல்லை. குறட்டை கேட்கிறது.

17 மணி. 50. வார்த்தை 212. மனைவியுடன் வாக்குவாதம். சிஸ்டத்துக்குப் பாதிப்பு இல்லை.

20 மணி. 49. வார்த்தை 212.

அப்பா திரும்பி வந்து கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கடைசி மீட்டர் காலைலேர்ந்து அசையவே இல்லையேடா. செத்துப்போச்சா?"

"ஆமாப்பா" என்றேன், பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்த நிம்மதியில். "அது பழுது. நாளைக்குச் சரி பண்றேன்."

"சரி" என்றார். நான் படுக்கப் போய்விட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தபோது திரையில் வார்த்தை 213 என்று இருந்தது. கட்டுரையைத் திறந்தேன். நான் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் புதிதாக இருந்தது: டெஸ்ட். நோட்டில், முத்து முத்தான கையெழுத்தில், முந்தின ராத்திரியின் கடைசிப் பதிவு:

22 மணி. 46. வார்த்தை 213. ஒன்று நான் அடித்துப் பார்த்தேன். மீட்டர் நன்றாக இருக்கிறது.