இருபது நிமிடப் பயணம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் 20 நிமிடம், பள்ளிக்கூடக் கணக்கு. கால அட்டவணையோ ஒரு மணி நேரம் என்கிறது. ஓடுபாதை வரிசை, ஏற்றம், இறக்கம் போக, தாமதத்துக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிய நிமிடங்களும் அதில் அடக்கம். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானமும் ‘குறித்த நேரத்துக்கு முன்பே’ தரையிறங்கி, நம் பாராட்டை எதிர்பார்க்கிறது.

முன்னும் பின்னும் ஆகும் நேரத்தை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து, பெல்ட்டைக் கழற்றி, லேப்டாப்பைத் தட்டில் வைத்து, கைதூக்கி நிற்க வேண்டும். மேலே போனதும் பணிப்பெண் சாண்ட்விச்சை நீட்டுகிறார். உறையைப் பிரிப்பதற்குள் குப்பைப் பையோடு திரும்பி வருகிறார். இறங்குமிடம் தேவனஹள்ளி, திப்பு சுல்தான் பிறந்த ஊர். வேலை இருப்பதோ பெங்களூருவின் மறுகோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில். ஹெப்பாள், சில்க் போர்டு என்று டாக்சி ஊர்வதற்குள், விடியற்காலை சென்ட்ரலில் வந்தே பாரத் ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் நாலரை மணி நேரத்தில் வந்திறங்கி மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். என்ன செய்ய, அவரால் ‘ஃப்ளைட்ல வந்தேன்’ என்று சொல்லிக்கொள்ள முடியாதே!