முறுக்கின்மேல் ஈ நடப்பதன் காரணம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்துவிட்டது. அரிசி மாவு, ஓமம், அவ்வூர்த் தண்ணீரின் உப்பு என்று அதன் பெருமை பேசாதவர் இல்லை. ஆனால் காசு கொடுக்காமல், எல்லாருக்கும் முன்னால் அதை ருசி பார்ப்பவரைப் பற்றி அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. அவர் ஈ. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம், ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையின் மூடாத கண்ணாடிப் பெட்டி. ஈ வந்து அமர்ந்ததும் தின்பதில்லை, நடக்கிறது. வெளிச்சுற்றிலிருந்து உள்சுற்றுக்குப் போய் நிற்கிறது, முன்கால்களைத் தேய்க்கிறது, மறுபடி நடக்கிறது. கடைக்காரரின் கோட்பாடு: "அதுக்கு வேற வேலை இல்லண்ணே." இதை மரியாதையுடன் மறுக்கிறோம். நடப்பதுதான் அதன் வேலை. ஈ காலாலும் ருசி பார்க்கும். தேய்ப்பதும் கும்பிடு அல்ல, காலில் ஒட்டிய தூசியைத் துடைப்பது.

பூச்சிக்குக் காலில் ருசி உண்டு என்பதை 1921-இல் மின்னிச் என்ற அமெரிக்கர் வண்ணத்துப்பூச்சிகளிடம் சோதித்துக் காட்டினார். பிறகு டெத்தியர் என்பவர் ஈக்களின் ருசியை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். (நம் ஊரில் இதற்குப் பெண் கொடுப்பார்களா என்பது தனி ஆய்வு.)

அமைப்பு இதுதான். காலிலும் வாய்நுனியிலும் நுண்ணிய மயிர்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு துளை. உள்ளே சில நரம்பணுக்கள். வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயில் இவற்றின் பங்கீடு தெளிவாகத் தெரிகிறது: ஒன்று இனிப்புக்கு, ஒன்று கசப்புக்கு, மற்றவை தண்ணீருக்கும் உப்புக்கும். நரம்பணுவின் மேல் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உண்டு. இவற்றுக்கான மரபணுக் குடும்பம் 2000-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பழ ஈயிடம் இதில் 60 மரபணுக்கள். கசப்பு நரம்பணு ஒன்றே பல ஏற்பிகளைச் சுமக்கிறது. எந்தக் கசப்பு பட்டாலும் அது மூளைக்கு அனுப்பும் தந்தி பெரும்பாலும் ஒன்றே: "வேண்டாம்." சில கசப்புப் பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கத்திலிருக்கும் இனிப்பு நரம்பணுவின் வாயையும் அடைத்துவிடும். சர்க்கரையில் கலந்து ஏமாற்றும் வித்தை குழந்தையிடம் பலிக்கலாம். ஈயிடம் அவ்வளவாகப் பலிக்காது.

பூச்சியின் இந்தக் கசப்பு வெறுப்பின் பயனைச் சுற்றுவட்டார விவசாயிகள் கட்டுரை எதுவும் படிக்காமலே அறிவார்கள். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கித் தெளித்தால் இலைதின்னிகள் பல வாய் வைக்கத் தயங்கும். வேப்பம்பருப்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருளை 1968-இல் பிரித்தெடுத்தார்கள். பாலைவன வெட்டுக்கிளிக்கு அதில் துளி போதும், பட்டினி கிடந்தாலும் கிடக்கும்.

"அப்படியானால் கசப்பு என்றாலே பூச்சி ஓடுமா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஓடாது. பூசணிக் கொடியின் கசப்புப் பொருளே பூசணி வண்டுக்குப் பந்திக்கு அழைப்பு. எருக்கம்பாலை நாம் தொடக்கூட யோசிப்போம். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்க இலையை விருந்தாகத் தின்று, அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துத் தன்னைத் தின்ன வரும் பறவையைத் துப்பவைக்கிறது. நிலவேம்புக் கசாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும் மனிதனும் இந்தக் கட்சியில் சேர ஆசைப்படுபவனே.

ஆக, முறுக்கின்மேல் ஈ நெடுநேரம் நடந்தால் அதில் கசப்பில்லை என்று கொள்ளலாம். ஈ தரும் சான்றிதழ் அவ்வளவுதான். சுத்தத்துக்கு அது பொறுப்பல்ல. அதே கால்கள் சற்றுமுன் மாட்டுச் சந்தைச் சாணத்தையும் இதே அக்கறையோடு ருசி பார்த்திருக்கக்கூடும். எனவே பெட்டியை மூடி வையுங்கள், அண்ணே.