புது லேப்டாப்பைப் பழசாக்கும் கலை

பிள்ளை புரோகிராமிங் படிக்கவேண்டும் என்று மும்பை மாட்டுங்காவில் புது லேப்டாப் வாங்குவார்கள். அடுத்த வேலை, அதைப் பழசாக்குவது. சில கல்லூரி லேப்களில் இன்னும் டர்போ சி++ ஆட்சிதான். போர்லாண்ட் கம்பெனி 1990-இல் விட்ட, 16 பிட் காலத்துச் சரக்கு. 64 பிட் விண்டோஸில் நேரே ஓடாது. டாஸ்பாக்ஸ் என்றொரு போலி டாஸைப் போட்டால்தான் அதன் நீலத் திரை கண் திறக்கும். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

தாராவியில் இந்தப் பாக்கியம் இல்லை. 'தாராவி டைரி' திட்டத்துச் சிறுமிகள் எம்.ஐ.டி.யின் ஆப் இன்வென்டரை பிரவுசரிலேயே திறந்து, புரோகிராம் கட்டைகளைக் கோத்து, 'பானி' என்றொரு ஆப் செய்தார்கள். பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க யார் முறை எப்போது என்று அது சொல்லும். ஆனால் டர்போ சி++-இன் கோனியோ ஹெடர் ஃபைல் எங்கே என்று எக்ஸாமினர் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்.