எண்ணுகிற அண்ணன்

பதினாறு வரைக்கும் அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. பதினேழில்தான் ஆரம்பிக்கும்.

"பதினேழு... நெஞ்சு படல, பதினேழு... இடுப்பு தூக்கிக்கினு நிக்குது பாரு, பதினேழு... டேய், இது தண்டாலா, நமஸ்காரமா? பதினேழு."

கீழே கிடப்பவன் அதற்குள் முப்பதைத் தாண்டியிருப்பான்.

குஸ்தி சொல்லித்தரும் இடம் எதுவானாலும் இப்படி ஒருவர் இருப்பார். திருவண்ணாமலையில் எங்களுக்கு வாய்த்தவர் மாஸ்டரும் இல்லை, நடுவரும் இல்லை. யாரும் அவரை நியமிக்கவும் இல்லை. கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு தீப்பெட்டி, அவ்வளவுதான் அதிகாரம். வருஷத்துக்கொரு தடவை பையன்களைச் சிவப்பு, நீலம் என்று பிரித்து விளையாட்டாக ஒரு போட்டி வைப்போம். தண்டால், பஸ்கி, கயிறு ஏறுவது, ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது. ஜெயித்த கட்சிக்கு ஒரு தார் வாழைப்பழமும் அவித்த முட்டையும். தோற்ற கட்சியும் கூட உட்கார்ந்து அதையேதான் தின்னும். ஆகவே தகராறுக்கு இடமே கிடையாது. அந்த இடத்தை உண்டாக்கித் தருவது அண்ணன்.

தீப்பெட்டி பீடிக்கு அல்ல. தண்டால் எடுப்பவனின் நெஞ்சுக்கு நேர்கீழே அதைப் படுக்கவைப்பார். நெஞ்சு தொட்டால்தான் கணக்கு. ஒல்லிப் பையன்கள் மூக்கு தரையில் தேய்ந்தும் அதைத் தொட முடியாமல் தவிப்பார்கள். 125 கிலோ பிரிவில் இருக்கும் எங்கள் ஆளுக்கோ, அவன் படுத்த மாத்திரத்தில் பெட்டி சப்பளிந்துவிட்டது. "தொடத்தானே சொன்னேன், நசுக்கவா சொன்னேன்?" என்று மைனஸ் ஒன்று போட்டார். போட்டி தொடங்கும் முன்பே கடன்பட்டவன் அவன்.

இதையாவது பொறுக்கலாம். பதினேழில் நிறுத்திவிட்டுக் கதை சொல்ல ஆரம்பிப்பாரே, அதைத்தான் தாங்க முடியாது. "1910ல லண்டன்ல காமா பயில்வான்..." என்று அவர் தொண்டையைக் கனைத்ததுமே பையன்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். காமாவுக்குப் பயந்து போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மேட்டை விட்டு எழுந்திருக்காமல் குப்புறவே கிடந்து ஆட்டத்தை டிரா ஆக்கிய கதை. சொல்லும் நேரமெல்லாம் எங்கள் பையன்கள் கையூன்றி, முழங்கை நடுங்க, ஸ்பிஸ்கோவைவிட மோசமான நிலையில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அதே இருவரும் 1928இல் பாட்டியாலாவில் மறுபடி மோதினார்கள். அதில் காமா ஒரு நிமிஷத்துக்குள் ஆளைச் சாய்த்துவிட்டார். அந்தக் கதையைச் சொன்னால் எல்லோருக்கும் சௌகரியம். சொல்லமாட்டார். லண்டன் முடிந்து திரும்பி வந்ததும், "எங்க விட்டோம்? ஆங், பதினாலு."

அவருடைய அக்கா மகன் இறங்கினால் மட்டும் கதை கிடையாது. பதினாறு, பத்தொன்பது, இருபத்து மூணு என்று எண்கள் படிதாண்டிப் போகும்.

கிரிவலப் பாதை ஓட்டம் இன்னொரு கூத்து. 14 கிலோமீட்டர், வெறுங்கால். பௌர்ணமியில் அங்கே நிற்கவே இடமிருக்காது என்பதால் சாதாரண நாளில், விடியுமுன் வைத்துக்கொள்வோம். அண்ணன் பின்னாலேயே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருவார். அஷ்ட லிங்கங்கள் எட்டிலும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும், ஒன்றை விட்டாலும் ஆட்டத்தில் இல்லை. குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். குறுகலான சந்துக்குள் ஒருக்களித்து, ஊர்ந்து வெளியே வரவேண்டிய இடம். அதையும் போட்டியில் சேர்த்தார். 97 கிலோ பிரிவுக்காரன் தோள் வரைக்கும் நுழைந்து அதற்குமேல் போகாமல், இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து மீட்டோம். "பாதி உடம்பு போச்சில்ல? அரைப் பாயிண்ட்" என்று தீர்ப்பானது. அவர் கருணை காட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எவனாவது முனகினால் மலையைக் காட்டுவார். "2,668 அடி. கார்த்திகைக்குக் கொப்பரையைத் தோள்ல சுமந்துக்கினு ஏத்துறாங்க. நீ இன்னாடான்னா முப்பது பஸ்கிக்கு மூச்சு வாங்குற." கொப்பரை தூக்குகிறவர்கள் பின்னால் நின்று அடி எண்ண ஆளில்லை. அதனால்தான் தீபத்துக்குள் உச்சிக்குப் போய்ச் சேருகிறார்கள்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் சிரிக்கலாம். போன போட்டியில் நடந்ததற்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரியெல்லாம் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு நேரே பயிற்சிக்கு வருகிற பையன் ஒருவன். அன்றைக்கு அவன் எடுத்தது அறுபத்திரண்டு தண்டால். மூன்று பேர் தனித்தனியாக எண்ணினோம், மூவருக்கும் அறுபத்திரண்டுதான். அண்ணன் நோட்டில் நாற்பத்தொன்று. கேட்டதற்கு, "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்றார், அக்கா மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே. பையன் உள்ளங்கை மண்ணைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "பரவால்லணா" என்று போய்விட்டான். வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ள அவனுக்கு அன்று இருந்தது அந்த ஓர் எண்தான். அதையும் பிடுங்கிக்கொண்டது அநியாயம். வேறு வார்த்தை இல்லை.

சரி, வராதீர்கள் என்று சொல்லிவிடலாமே என்றால் அதுவும் முடியவில்லை. நாலரைக்குக் கூடத்தைத் திறப்பது அவர்தான். வியர்வை நாறும் மேட்டை டெட்டால் போட்டுத் துடைப்பது, கழுத்து பிடித்துக்கொண்டவனுக்குத் தைலம் தேய்த்து நீவிவிடுவது, முட்டை அவிப்பது எல்லாம் அவர்தான். அந்த முட்டைக் கணக்கில் மட்டும் இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை.

அதனால் இந்த வருஷம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஜோடிக்கு ஜோடி பையன்களே எண்ணிக்கொள்வது, அண்ணனைச் சிறப்பு விருந்தினராக்கிவிடுவது. நாற்காலி உண்டு, சால்வை உண்டு, பத்து நிமிஷம் பேச்சு உண்டு. எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக ஒப்புக்கொண்டார். பேச்சை மட்டும் கடைசியில் வைக்காமல், தண்டால் நடக்கும்போதே வைத்துக்கொண்டால் பையன்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்கிறார்.