குப்பையைப் பிரிக்காமலே நல்ல பெயர் எடுப்பது எப்படி?

குப்பையைப் பிரிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரித்தே ஆக வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே பிரிக்காமல் இருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். வேளச்சேரிப் பக்கம் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு ஃப்ளாட்டில் ஒன்பது வருஷமாக இதைப் பழகி, நடுவில் இரண்டு முறை அசோசியேஷன் செயலாளராகவும் இருந்து தொலைத்தவன் என்ற தகுதியில் தொழில் ரகசியங்களை ஒப்படைக்கிறேன்.

முதல் வேலையாக இரண்டு தொட்டிகள் வாங்குங்கள். பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காத குப்பைக்கு. காலால் மிதித்தால் மூடி திறக்கிற ரகமாக இருந்தால் விசேஷம். கதவைத் திறந்ததும் வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். அவற்றுக்குள் எதையும் போட்டுவிடாதீர்கள், அழுக்காகிவிடும். நிஜமான குப்பைக்குத் துணிக்கடைக் கவர் ஒன்றை சிங்க்குக்குக் கீழே, சிலிண்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள். முருங்கைக்காய்ச் சக்கை, காலாவதியான இருமல் மருந்து, செத்துப்போன ரிமோட் பேட்டரி, நேற்றைய ரசம் எல்லாம் அதற்குள் சாதி மதம் பார்க்காமல் சேர்ந்து வாழும். ஈரக் குப்பை, உலர் குப்பை, பேட்டரி மருந்து மாதிரியான ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. போடட்டும். அந்த விதி மூன்று கேட்டது, தொட்டி இரண்டு இருக்கிறது, கவர் ஒன்று போதுமானதாக இருக்கிறது.

ராத்திரி கவரின் இரண்டு காதுகளையும் இழுத்து ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. இந்த இரண்டாவது முடிச்சில்தான் குடும்ப மானமே இருக்கிறது. ஒற்றை முடிச்சு லிஃப்டுக்குள்ளேயே வாய் திறந்துவிடும்.

காலையில் பேட்டரி வண்டி பாட்டோடு வரும். தூய்மைப் பணியாளர் அம்மா மாடி ஏறி வந்து கவரைத் தூக்கிப் பார்ப்பார். அவருக்குப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, கனத்திலேயே தெரிந்துவிடும்.

"சார், எல்லாம் கலந்து கெடக்குது சார்."

"வீட்ல ஊருக்குப் போயிருக்காங்கம்மா, நாளையிலேர்ந்து பிரிச்சுடறேன்."

இந்தப் பதிலை மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது. சமையலறையில் மிக்ஸி ஓடாத நேரமாகவும் இருக்க வேண்டும். மற்ற நாட்களுக்கு பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு: "நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் நீங்க வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறீங்க?" ஊரே சொல்லும் வாக்கியம். எங்காவது எப்போதாவது உண்மையாகவும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வலிமை. ஒரே நிபந்தனை, இதைச் சொன்ன பிறகு கீழே இறங்கி வண்டியைப் பார்க்கக் கூடாது. தனித்தனி டிரம்கள் வைத்திருப்பதையும், அந்த அம்மா நடைபாதை ஓரம் குந்தி உட்கார்ந்து நம் கவரை அவிழ்த்து நமக்காகப் பிரித்துக்கொண்டிருப்பதையும் பார்த்துத் தொலைத்தால் அஸ்திரம் மழுங்கிவிடும். உடைந்த கண்ணாடி டம்ளரைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்க அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் நமக்கு ஏது? அவர் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தால் என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அடுத்து, பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் கோயம்பேட்டுச் சந்தையில் வந்தது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ்ஸில் ஏறினால் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர் இது. நம் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று போன இடத்திலெல்லாம் வாங்கிய தாம்பூலப் பைகள். எங்கள் வீட்டில் எண்ணியதில் அறுபத்திரண்டு. மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்தது, அதில் இரண்டு ஜோடி இப்போது பேச்சுவார்த்தையிலேயே இல்லை. முறை என்னவென்றால், அறுபத்திரண்டையும் மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய், "ஒரு கவர் போட்டுக் குடுங்க" என்று கேட்பது. கடைக்காரர் கவர் இல்லை என்றால் முகத்தைச் சுளிக்க வேண்டும். பீரோவிலுள்ள பைகள் அவசரத்துக்கு. என்ன அவசரம் என்று எனக்கும் தெரியாது.

இவ்வளவு கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து ஒரு மாதம் தங்கினாள். இந்தக் கலைக்குப் பரம எதிரி வயதானவர்கள்தான், எச்சரிக்கையாக இருங்கள். பால் கவரின் மூலையை நாம் கத்தரியால் நறுக்கித் தள்ளுவோம். அந்தத் துணுக்கு சிங்க் வழியாகப் போய் எங்கேயோ சேரும். அம்மா முழுசாக நறுக்குவதில்லை. துணுக்கு கவரிலேயே தொங்கும். பாலை ஊற்றியதும் கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆட்டி, அதையும் பாலோடு சேர்த்து (காப்பி கொஞ்சம் தளர்ந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது), கவரைப் பிரித்து ஈரத்தோடு சுவர் டைல்ஸில் ஒட்டிவிடுவாள். காய்ந்ததும் தானாக விழும். பழைய வேட்டி கரித்துணியானது, ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி ஏறியது. "நல்ல டப்பாவை ஏண்டா எறியற?" என்று ஹோட்டல் பார்சல் டப்பாக்களைக் கவரிலிருந்து மீட்டாள். மாதக் கடைசியில் பால் கவர் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிப் போய், கடைக்காரரிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டுச் சண்டை போட்டு வாங்கியும் வந்தாள். எங்கள் கவர் பாதியாக இளைத்துவிட்டது. போதாததற்கு எவர்சில்வர் ஸ்பூன்களை எண்ணி, "ஒரு டஜன் குடுத்தனுப்பினேனே, எட்டுதான் இருக்கு" என்றாள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவை என் மனைவி ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

பணம் என்றால்தான் மனுஷன் குனிவான் என்பதற்கு டாஸ்மாக்கே சாட்சி. உயர் நீதிமன்றம் சொல்லி 2022-ல் நீலகிரியில் தொடங்கியது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். யானை நடக்கிற காட்டில் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தள்ளாடுகிறவருக்கே இது முடிகிறபோது, நிதானத்தில் இருக்கிற நம்மிடம் யாராவது கேட்டுவிட்டால் ஆபத்து. இந்த விஷயத்தை அசோசியேஷன் கூட்டத்தில் பேசாதீர்கள்.

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிய படலங்கள், பிரித்தெடுத்துக் கட்டுப்படியாகாது. பழைய பேப்பர் கடைக்காரரே சீந்த மாட்டார். சாஷே புரட்சியின் தந்தை என்று சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன் நம் கடலூர்க்காரர், அதனால் இதை ஊர்ப்பற்றிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

உரம் தயாரிக்கிறேன் என்று இறங்குவதாக இருந்தால் என்னைப் போலச் செய்யுங்கள். மொட்டை மாடியில் ஓட்டை போட்ட மண்பானை. காய்கறித் தோலைப் போட்டு, அதன் மேல் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ ஒரு கை தூவி, அடிக்கடி கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் சருகைத் தேடி அலையவில்லை. மிஞ்சிய சாம்பாரை அப்படியே கவிழ்த்து மூடினேன். ஆறாவது நாள் மூன்றாம் மாடி மாமி வடாம் காயவைக்கப் போய், வடாத்தோடு திரும்பி வந்தார். இன்றுவரை பேச்சில்லை. ஆனாலும் "உரம் போடறதெல்லாம் நம்ம க்ளைமேட்டுக்கு ஒத்து வராது" என்று அனுபவத்தோடு சொல்லும் உரிமை கிடைத்துவிட்டது, அது சாதாரணமா?

நம் கவர் போகிற இடம் தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வது மனசுக்கு நல்லது. வேளச்சேரிக்காரனுக்கு இது கொஞ்சம் கஷ்டம். பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் அது பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தபோது, நான் இரட்டை முடிச்சுப் போட்டு அனுப்பியதெல்லாம் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தது. அதே வருஷம் அந்தச் சதுப்பு நிலத்தை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து நான் செய்தது, ஜன்னலைச் சாத்தியது.

போன வாரம் காலிங் பெல் அடித்தது. தூய்மைப் பணியாளர் அம்மா. கையுறையைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, பேப்பரில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே நாலு எவர்சில்வர் ஸ்பூன், பளிச்சென்று தேய்த்துக் கழுவியது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"உங்க கவர்லதான் சார் வருது, சோத்தோட சோறா. சேத்து வெச்சுக் குடுக்கலாம்னு இருந்தேன். இன்னும் ஒண்ணு ரெண்டு போயிருந்தா மன்னிச்சுக்குங்க சார். அந்த ரெண்டாவது முடிச்சு இருக்கே, அது சில நாளு அவுக்கவே வரமாட்டேங்குது."