கண் காட்டாத இடம்

கேள்வி: 'கண்ணால் காண்பதும் பொய்' என்று பெரியோர் சொல்லிவைத்தது, அல்லும் பகலும் நமக்கு ஊழியம் செய்யும் கண்ணுக்கு இழைத்த அநீதி அல்லவா?

பதில்: தங்கள் கண் ஒவ்வொன்றிலும் ஒரு குருட்டிடம் உண்டே, அதை அந்தக் கண் என்றைக்காவது தங்களுக்குக் காட்டியதுண்டா?

பார்வை நரம்பு விழித்திரையை விட்டு மூளைக்குப் புறப்படும் இடத்தில் ஒளியை வாங்கும் உயிரணுக்கள் ஒன்றுமே இல்லாமையால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் நேரே நோக்கும்போது, நோக்கும் புள்ளியிலிருந்து வெளிப்புறமாகச் சுமார் 15 பாகை தள்ளி வைத்த சிறிய பொருள் அடியோடு மறைந்துபோவதைப் பிரெஞ்சு விஞ்ஞானி எட்மே மரியோத் 1660-களில் கண்டறிந்தார். ஆயினும் உலகம் நமக்கு ஓட்டை விழுந்த திரைச்சீலையாகத் தோன்றாததன் காரணம், ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுசெய்வதும், ஒற்றைக் கண்ணே வேலை செய்யும்போது சுற்றுப்புறத்தின் நிறத்தையும் கோலத்தையும் கொண்டு மனம் அந்த வெற்றிடத்தை இட்டு நிரப்பிவிடுவதுமேயாகும்.

ஆகவே கண் நிரபராதி. புலன் கொணரும் செய்தியை முழுக் காட்சியாக்குவது மனமே. ஆதலால், நேரில் கண்ட ஒருவரின் சாட்சியத்தை மாத்திரம் நம்பி ஒரு மனிதனைத் தண்டிக்கப் புகுமுன், நீதி மறுமுறையும் விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.